மரம் கடைபவர்களுக்கு ஒரு சங்கம்: நரசிங்கம்பேட்டையை முன்வைத்துச் சில குறிப்புகள்

மேலை நாடுகளில் மரக் கடைசலுக்கென்றே ஊருக்கு ஊர் சங்கங்கள் இருக்கின்றன. கடைசல் என்றால் வேறொன்றுமில்லை, லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியை வைத்து உருட்டாக எடுக்கிற வேலை. அமெரிக்காவின் கடைசல்காரர் சங்கம் 1986-இல் ஆரம்பித்தது. இன்று அதற்கு நூற்றுக்கணக்கான உள்ளூர்க் கிளைகள். பிரிட்டனின் சங்கம் அடுத்த வருஷமே, 1987-இல் வந்தது. இதற்கெல்லாம் வெகு முன்பு, 1604-இல், லண்டன் கடைசல்காரர்களின் தொழிற்குழுவுக்கு அரசர் முதலாம் ஜேம்ஸ் பட்டயமே கொடுத்திருக்கிறார்.

இந்த உள்ளூர்ச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் மாதம் ஒரு கூட்டம். அனுபவசாலி ஒருவர் லேத்தில் நின்று ஒரு கிண்ணமோ, மூடி போட்ட டப்பாவோ, பம்பரமோ கடைந்து காட்டுவார். பின்வரிசைக்கும் தெரியவேண்டும் என்று உளி முனைக்கு மேலே கேமரா வைத்துத் திரையில் போடுவார்கள். அந்த மாதம் அவரவர் கடைந்ததை எல்லாம் ஒரு மேசையில் பரப்பி வைத்து, எங்கே சரியாக வந்தது, எங்கே உளி பிடித்து இழுத்துவிட்டது என்று பேசுவார்கள். புயலில் விழுந்த மரம் யார் தோட்டத்தில் கிடக்கிறது என்ற தகவல் அங்கேதான் கைமாறும். புதிதாக வருபவருக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் வாத்தியார். பொதுக் காரியமும் உண்டு: கடும் நோயோடு போராடும் குழந்தைகள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி என்று சேர்த்து வைப்பார்களாம், அந்த மணிகளைப் போட்டு வைக்க அமெரிக்கச் சங்கத்தார் மரப்பெட்டி கடைந்து கொடுக்கிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் செய்யும் சாமான் இல்லை. லேத்துக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்கிற ஏற்பாடு. அப்பா கடைசல்காரராக இருக்கவேண்டியதில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சீர்காழியில் "லேத் பட்டறை எங்கே இருக்கு?" என்று கேட்டால் இரும்பு லேத்துக்குத்தான் கை காட்டுவார்கள். பம்புசெட் ஷாப்ட், டிராக்டர் புஷ் இதெல்லாம் அங்கேதான் போகும். ஐ.டி.ஐ.யில் 'டர்னர்' படித்தான் என்றாலும் இரும்பு கடையப் படித்தான் என்றுதான் அர்த்தம். மரம் கடைவதைப் பற்றிப் பேச்சே வராது. ஆனால் மயிலாடுதுறை போய், அங்கிருந்து கும்பகோணம் ரயிலில் ஏறினால் குத்தாலம் தாண்டி, ஆடுதுறைக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். நரசிங்கம்பேட்டை. தமிழ்நாட்டின் மிகக் கடினமான கடைசல் வேலை நடக்கிற இடங்களில் ஒன்று அது. அங்கே கடைவது நாகசுரம். (நாதஸ்வரம் என்று எழுதுவோரும் உண்டு. பெயர்ச் சண்டைக்குள் நான் போகவில்லை.)

அது ஏன் கடினம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

தமிழில் தயிரையும் கடைகிறோம், கீரையையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். மோட்டார் லேத்தைப் பார்த்தால் இந்தச் சம்பந்தம் புரியாது. பழைய கடைசல் பட்டறையை நினைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு முனைகளுக்கு நடுவே மரத்தைப் பொருத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒரு ஆள் இரு நுனியையும் பிடித்து மாறி மாறி இழுப்பார். மரம் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. தூணில் கட்டிய மத்தை அம்மாக்கள் கயிறு போட்டு இழுத்த அதே அசைவு! மத்தும் லேத்தும் ஒரே இயந்திரம் என்றே சொல்லலாம். எகிப்தில் சுமார் கி.மு. 300-ஐச் சேர்ந்த பெட்டோசிரிஸ் கல்லறையில் ஒருவர் கயிறு இழுக்க இன்னொருவர் உளி பிடிக்கும் சிற்பம் இருக்கிறது.

இந்த வகை லேத்தில் பாதி நேரம்தான் வெட்டு விழும். மரம் நம்மை நோக்கிச் சுழலும்போது உளியை அழுத்தவேண்டும், திரும்பும்போது தூக்கிக்கொள்ளவேண்டும். அதாவது கயிறு இழுப்பவரின் மூச்சும் உளி பிடிப்பவரின் மூச்சும் ஒன்றாகப் போகவேண்டும். கடைசலைப் பெரும்பாலும் அப்பாவும் பிள்ளையும், அண்ணனும் தம்பியுமாகச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கயிறு இழுத்தபடியே பிள்ளை வருஷக்கணக்கில் உளி முனையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். மோட்டார் வந்ததும் கயிறு இழுக்க ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. வேலை சுலபமானது, ஆனால் அந்த மாணவன் நின்ற இடமும் அதோடு போய்விட்டது.

இப்போது நாகசுரம். சுமார் இரண்டரை அடி நீளம். சீவாளி பொருத்தும் மேல்முனை குறுகல், கீழே போகப்போக அகலும். கடைசியில் அணசு என்கிற விரிந்த வாய். நடுவில் இருக்கும் உடல்தான் உளவு. வெளியிலிருந்து பார்த்தால் கட்டில் கால் கடைகிற எவரும் செய்துவிடலாம் போல இருக்கும். கஷ்டம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. உள்துளையும் கூம்பாக அகன்றுகொண்டே போகவேண்டும்.

ஏன் கூம்பு? புல்லாங்குழல் மாதிரி நேரான துளை போதாதா? இதற்குப் பதில் பூவரச இலையில் இருக்கிறது. சின்ன வயதில் பூவரச இலையைச் சுருட்டிப் 'பீப்பீ' ஊதாத காவிரிக்கரைப் பிள்ளை உண்டா? இலையைக் கூம்பாகச் சுருட்டி, குறுகிய முனையைப் பல்லால் லேசாக நசுக்கினால் இரண்டு மடிப்புகள் ஒன்றோடொன்று அதிரும். நசுக்கிய முனை சீவாளி, சுருட்டிய கூம்பு உளவு. நாகசுரத்தின் முழுத் தத்துவமும் அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் இயற்பியல். சீவாளி வைத்து ஊதும் குழாயின் ஊதும் முனை, ஒலியைப் பொறுத்தவரை மூடிய முனை. அப்படிப்பட்ட குழாய் நேராக இருந்தால், அழுத்தி ஊதும்போது சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகாது. ஸ்தாயியைத் தாண்டி அதற்கும் மேலிருக்கும் பஞ்சமத்துக்குத் தாவும், அதாவது அதிர்வெண் மூன்று மடங்காகும். கிளாரினெட்டின் கதை இதுதான். இடையில் விழும் இடைவெளியை நிரப்பத்தான் அதில் அத்தனை சாவிகள். குழாய் கூம்பாக இருந்தாலோ அதிர்வெண் சரியாக இரண்டு மடங்காகும். கீழ் ஸ-வுக்கு வைத்த அதே விரல், கொஞ்சம் அழுத்தி ஊதினால் மேல் ஸ. அதனால்தான் ஏழே விரல்துளைகளை வைத்துக்கொண்டு ஒரு வித்வான் இரண்டரை ஸ்தாயி உலாவ முடிகிறது. கூம்பு ஒரு இடத்தில் கோணிப்போனால் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு ஒட்டாது. ஊதுகிறவர் உதட்டாலும் மூச்சாலும் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

இரண்டடிக்கு மேல் நீளமான மரத்தில் இப்படியொரு துளை போடுவதை யோசித்துப் பாருங்கள். துளைக்கம்பி மரத்தின் ரேகை இழுக்கிற பக்கம் விலகப் பார்க்கும். ஒரே கம்பியால் கூம்பு வராது. சின்னதிலிருந்து பெரிது வரை பல அளவுக் கம்பிகளை, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட ஆழம் வரைக்கும் விட்டு, உள்ளே விழும் படிகளைப் பிறகு மழித்து ஒரே சரிவாக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை. கைக்கு வரும் அதிர்வும், உளி போடும் சத்தமும், வெளியே வந்து விழும் தூளும்தான் கண்.

அதன்பிறகு விரல்துளைகள். மேலே ஏழு. கீழ்ப்பகுதியில் விரல் படாத ஐந்து துளைகள் உண்டு, பிரம்ம சுரம் என்பார்கள். அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்துகொள்ளலாம். விரல்துளையில் அந்தச் சலுகை குறைவு. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சுரம் ஏறும், ஏறியதை இறக்குவது லேசில்லை. அதனால் செய்கிறவருக்குச் சுரஞானம் இருந்தே ஆகவேண்டும். கட்டில் கால் கடைகிறவர் இங்கேதான் நின்றுவிடுவார்.

இந்தக் கடைசல் நம் இசையையே மாற்றியிருக்கிறது. பழைய நாகசுரம் திமிரி, குட்டையானது, எடுத்த எடுப்பிலேயே உச்சக் குரல். தேருக்கு முன்னால், நாலு வீதிக்கும் கேட்கவேண்டிய வாத்தியத்துக்கு அது சரி. கச்சேரி மேடை வந்தபோது நிதானமான, தாழ்ந்த சுருதி தேவைப்பட்டது. நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்து ஊர்தான் திருவாவடுதுறை. அங்கே டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருடைய தேவைக்கு ஏற்பத்தான் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகசுரத்தை உருவாக்கினார் என்பது இசை வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. திமிரியில் சுத்த மத்திமத்தைச் சுத்தமாகப் பிடிப்பது பெரும்பாடு, பாரியில் அது இயல்பாக அமைந்தது என்பார்கள்.

குழலை நீட்டினால் சுருதி இறங்கும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் நீளம் மாறினால் கூம்பின் சரிவு மாறவேண்டும், ஒவ்வொரு துளையின் இடமும் அளவும் மாறவேண்டும், அதேசமயம் விரல் எட்டவும் வேண்டும். எழுதி வைத்த கணக்கு எதுவும் கிடையாது. ஒருவர் கடைய, ஒருவர் ஊதிப் பார்க்க, மறுபடி கடைய, மறுபடி ஊத… கடைகிறவரும் ஊதுகிறவரும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் நடந்த காரியம் இது. மேலை நாட்டுக் கடைசல் சங்கத்தில் மாதம் ஒருமுறை மேசையைச் சுற்றி நடக்கிறதே ஒரு பேச்சு, அதேதான் இங்கே இரண்டு ஊருக்கு நடுவில் வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது.

அடுத்து மரம். உளவுக்கு ஆச்சா. நம் நாட்டு மரங்களில் மிகவும் கனமானவற்றில் ஒன்று, தண்ணீரில் போட்டால் மூழ்கும். இது டெல்டாவில் விளையும் மரமில்லை, வறண்ட காட்டு மரம். அதிலும் புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்திரம் இவற்றைத்தான் தேடி வாங்குகிறார்கள். பழைய மரத்தில் நாதம் ஊறியிருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அதை நான் மறுக்கப் போவதில்லை, ஆனால் இன்னொரு நேரடியான காரணம் இருக்கிறது. பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பச்சை மரத்தில் போட்ட வட்டத் துளை காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும். வீணையில் பலாக் குடமே அதிர்ந்து பாடுகிறது. நாகசுரத்தில் பாடுவது உள்ளே இருக்கும் காற்று, மரம் அந்தக் காற்றுக்கு அச்சு. அச்சு கோணக்கூடாது, வித்வானின் எச்சில் ஈரத்தில் ஊறக்கூடாது, உள்சுவர் வழவழப்பாக இருக்கவேண்டும். நூறு வருஷம் உத்திரமாகக் கிடந்த ஆச்சா இனி எங்கேயும் கோணாது. கும்பகோணம் ஆதி கும்பேஸ்வரர் கோயிலில் கல் நாகசுரமே இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் அச்சு விஷயம் இன்னும் தெளிவாகும்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. பழைய வீட்டு மரம் எண்ணிக்கைக்கு உட்பட்டது. இடிக்க இடிக்கக் கிடைக்கும், இடித்து முடித்தபின் கிடைக்காது. இன்று யாராவது ஆச்சாவை அறுத்து நிழலில் அடுக்கி வைத்தால்தான் பேரப்பிள்ளை காலத்தில் அது உளவாகும். தனி ஒருவர் முதல் போட்டுச் செய்கிற காரியம் இல்லை இது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2014-இல் போட்ட மனு. நல்ல செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குறியீடு எதைக் காப்பாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அது பெயரைக் காப்பாற்றும். வேறெங்கோ செய்ததை நரசிங்கம்பேட்டை என்று விற்க முடியாது. அடுத்த தலைமுறையில் அந்தப் பெயரில் விற்க ஒரு நாகசுரம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் ஒரு சில குடும்பங்களின் பிள்ளைகள் என்ன படிக்கப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு பிள்ளை வேறு வேலைக்குப் போவது அவன் உரிமை. குலத்தொழிலைக் காப்பாற்று என்று இன்னொருவர் பிள்ளைக்குச் சொல்ல நமக்கு வாய் கிடையாது. குறை பிள்ளையிடம் இல்லை, அந்த வித்தைக்கு வீட்டைத் தவிர வேறு வாசல் வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

சங்கிலி ஒருமுறை அறுந்தால் என்னாகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்பவர், காலால் மிதிக்கும் கழி லேத்தில் மரக் கிண்ணம் கடைந்துவந்தார். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைப் பிரித்தெடுக்கும் வித்தை அவர் கையில் இருந்தது. வாரிசாக யாரும் வரவில்லை. 1958-இல் அவர் இறந்ததும் அந்த மரபு முடிந்தது. லேத்தும் வளைந்த உளிகளும் ரெடிங் நகர அருங்காட்சியகத்துக்குப் போயின. பல வருஷம் கழித்து ராபின் உட் என்பவர் அந்தக் கருவிகளைப் பார்த்துப் பார்த்து, தானே உளி அடித்து, தடுமாறித் தடுமாறி அந்த வேலையை மறுபடி கண்டுபிடித்தார். ஒரு சாயங்காலம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும் விஷயங்களுக்கு வருஷங்கள் செலவாயின. அதுவும் கிண்ணம் என்பதால் முடிந்தது. கிண்ணத்தின் உள்ளே கண்ணால் பார்க்கலாம். நாகசுரத்தின் உள்ளே?

இப்போது சீர்காழிக்குத் திரும்புகிறேன். இங்கே அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தமிழகத்தின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம், மூன்று வருஷப் படிப்பு. ஒரு காலத்தில் ஊதுவதும் குடும்பத்துக்குள் இருந்த வித்தைதான். பள்ளி வந்தபின் எந்த வீட்டுப் பிள்ளையும் நாகசுரம் படிக்கலாம். வாசிப்பதற்கு வைத்த இந்த வாசலைச் செய்வதற்கு இன்னும் வைக்கவில்லை. கருவி செய்தல் அந்த ஏழில் இல்லை.

சங்கம் என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான். பொழுதுபோக்குக்காரர்கள் கூடி நாகசுரம் செய்துவிடுவார்கள் என்று கனவு காணவில்லை. முதல் ஐந்து வருஷம் பம்பரம், மத்து, பூரிக்கட்டை, சொப்புச் சாமான் கடைந்தால் போதும். மரத்துக்கும் பஞ்சமில்லை, வேம்பும் பூவரசும் ஒவ்வொரு புயலுக்கும் விழத்தான் செய்கின்றன. 2018-இல் கஜா வந்துபோன பிறகு டெல்டாவில் எத்தனை மரம் விறகாகப் போனது என்று நமக்குத் தெரியும். அரக்குச் சாயம் வேண்டுமானால் கர்நாடகத்துச் சென்னபட்டணாவைப் பார்த்துக் கற்கலாம். அங்கே சுழலும் பொம்மையின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசும் சூட்டிலேயே உருகி ஒட்டும். மெருகேற்றுவது தாழை மடலால். தாழை நம் கடற்கரையிலும் இருக்கிறது. அவர்கள் கடையும் மரம் வெட்பாலை, அதுவும் தமிழ்நாட்டில் விளைவதுதான்.

முக்கியமான விஷயம் காசு. மேலை நாட்டுச் சங்கங்கள் கடைந்து காட்ட வருகிற கலைஞருக்குக் கட்டணம் கொடுக்கின்றன. அங்கே பல கடைசல்காரர்களுக்குச் சாமான் விற்பதைவிடச் சொல்லிக்கொடுப்பதில்தான் வருமானம். நரசிங்கம்பேட்டைக் கலைஞர் ஒருவரை வருஷத்தில் நாலு முறை அழைத்து, மரியாதையாகச் சம்பாவனை கொடுத்து, துளை போடுவதை இருபது பேர் சுற்றி நின்று பார்த்தால் என்ன ஆகும்? இருபதில் பத்தொன்பது பேர் வேடிக்கை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். போகட்டும். அவர்கள் நாகசுரத்தின் விலையை இனிமேல் பேரம் பேசமாட்டார்கள், அதுவே லாபம். இசைப்பள்ளி மாணவர்கள் இருந்தால் தங்கள் கருவி ஏன் இப்படிப் பேசுகிறது என்று புரிந்துகொள்வார்கள். மிச்சமுள்ள அந்த ஒரு ஆள் மறுநாள் ரயிலேறி நரசிங்கம்பேட்டை போனாலும் போவான்.

மோட்டார் வந்தபோது காலியான அந்தக் கயிறு இழுக்கும் இடத்தில் நிற்க, அவன் ஒருவன் போதும்.